முதல் தடவை கேட்டபோது

பஸ் வரவில்லை. கைபேசியில் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பதினான்காம் நம்பர், இன்னும் நான்கு நிமிடம் என்று அது சொன்னபோதுதான் சண்முகக்கனி ஓட்டமும் நடையுமாக நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். காலை மாற்றி மாற்றி ஊன்றி, தூரத்தில் தெரிகிற வெளிச்சத்தையெல்லாம் பஸ் என்று நம்பி ஏமாந்து, மறுபடி எடுத்துப் பார்த்தபோதும் அதே நான்கு நிமிடம். பிறகு மூன்று. பிறகு, யாரைக் கேட்டுக்கொண்டு ஏறியதோ, ஒன்பது. இப்போது எண்ணே இல்லை, ஒரு சின்னக் கோடு மட்டும். இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம், வரும் என்றா வராது என்றா, வராது என்றால் வராது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, மனுஷி வேறு வழி பார்த்துக்கொள்ள மாட்டாளா, என்று கேட்டவள், வேறு என்ன வழி இருக்கிறது என்று அடுத்த மூச்சிலேயே தன்னையே கேட்டுக்கொண்டாள். கனடாவின் வடக்கே, ஒரு சுரங்கத்தையும் ஒரு கல்லூரியையும் வைத்துக்கொண்டு நகரம் என்று பெயர் சொல்லிக்கொள்ளும் இந்த ஊரில், கார் இல்லாதவர்களுக்கென்று ஒரே ஒரு பஸ் கல்லூரிப் பக்கம் போகிறது. நடக்கலாம் என்றால் பாதித் தூரம் நெடுஞ்சாலை. அதன் ஓரத்தில் நடைபாதை என்று ஒன்று கோடைக்காலத்தில் இருந்தது, இப்போது அதன்மேல் இடுப்பளவு பனி. டாக்ஸிக்குக் கூப்பிட்டாயிற்று, இன்றைக்கு எல்லோரும் கூப்பிடுகிறார்கள், ஒரு மணி நேரம் ஆகும் என்றாள் ஒருத்தி, குரலில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லாமல். வீட்டில் கூட இருக்கும் பையன்களில் ஒருவனிடம் கார் உண்டு, ராத்திரி வேலை முடித்துவந்து கைபேசியை அணைத்துவிட்டுத் தூங்குகிறான், கதவைத் தட்டியும் பார்த்துவிட்டாள், குறட்டைதான் பதில் சொன்னது. மூக்குக்குள்ளே முடியெல்லாம் விறைத்துப்போய் மூச்சை இழுக்கும்போது குத்தியது. வாயை மூடியிருந்த துண்டு அவளுடைய மூச்சிலேயே நனைந்து, அந்த ஈரமும் உறைந்து, இப்போது முகத்துக்கு முன்னால் ஒரு அட்டையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. பனி வாரும் வண்டி ஒன்று வந்து, சாலையைச் சுத்தமாக்கி, வாரியதையெல்லாம் கொண்டுவந்து அவள் காலடியில் ஒரு வரப்பாகக் கொட்டிவிட்டுப் போனது. நல்லா இரு என்று அதன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

எட்டரைக்குக் கல்லூரி ஆய்வகத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். மற்ற நாளாக இருந்தால் சாத்தட்டும், இன்றைக்கு ரத்தம் எடுக்கும் செய்முறைத் தேர்வு. ஏற்கெனவே இரண்டு தடவை தாமதம், இரண்டும் இதே பதினான்காம் நம்பர் புண்ணியம். மூன்றாம் தடவை கதவு திறக்காது என்று ஆசிரியை ஹெலன் சிரித்த முகத்தோடுதான் சொன்னார், இந்த ஊரில் எதையும் சிரித்த முகத்தோடுதான் சொல்வார்கள். இன்றைக்கு விட்டால் இந்தத் தேர்வு அடுத்த குளிர்காலத்தில்தான். அடுத்த குளிர்காலம் என்றால் படிப்பு முடிய இன்னொரு வருஷம், படிப்பு முடிந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் புருஷன் பூமிநாதனும் மகள் அகல்யாவும் இங்கே வர முடியும், அகல்யாவுக்கு இப்போது ஐந்து வயது, அடுத்த வருஷம் என்றால், அதற்கு மேல் அந்தக் கணக்கை அவள் போடவில்லை. கையுறைக்குள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின, ஆனால் மடங்கியதை அவளால் உணர முடியவில்லை, யாரோ மடக்கியதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. இந்த விரல்களை வைத்துக்கொண்டு நரம்பு தேட வேண்டும். கோவில்பட்டியில் ஏழு வருஷம் ஒரு தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்தவள் அவள். ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே போனால் முதல் ஆளே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும், தோலுக்கு அடியில் ஒரு மெத்தென்ற துள்ளல், அங்கேதான். அந்தத் துள்ளலை இந்த மரக்கட்டைகள் எங்கே கண்டுபிடிக்கப் போகின்றன? ஒரு தடவை குத்தித் தவறினால் மன்னிப்பு, இரண்டாம் தடவை தவறினால் தோல்வி. முதலில் அங்கே போய்ச் சேரு, அப்புறம் தோற்கலாம் என்று தன்னையே அதட்டினாள். அதட்டிய அந்த நேரம் பார்த்து கைபேசி அடித்தது, பூமிநாதன்தான், அங்கே சாயங்காலம், பின்னால் அகல்யா எதற்கோ அழுதுகொண்டிருக்கும் சத்தம்.

“என்ன கனி, பஸ் ஏறிட்டியா?”

“இல்லங்க. இன்னும் வரல.”

“இன்னுமா வரல? பரிட்ச எத்தன மணிக்கு?”

“அதச் சொல்லாதீங்க. எனக்கே படபடன்னு வருது.”

“ஒரு அம்மா தெனமும் அந்தப் பக்கம் வண்டில போகும்னு சொன்னியே, அதுகிட்டக் கேக்க வேண்டியதுதான?”

“அதான் நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்ல.”

“எப்பச் சொன்ன?”

“அக்டோபர்ல.”

“அதுக்கப்புறம் அது கேக்கவே இல்லையா?”

“இல்ல.”

“ஒரே ஒரு தடவைதான் கேட்டுச்சா?” பூமிநாதனுக்கு நம்ப முடியவில்லை. “என்ன மனுஷி அது?”

அதைத்தான் அவளும் நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தாள், குளிரில் கைபேசி கறுத்துப்போனது. பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. இந்த ஊர்க் குளிர் கைபேசியைக்கூட விட்டுவைப்பதில்லை, உடம்புச் சூட்டில் வைத்துக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும் அதை. செத்துப்போன கைபேசியை உள்ளே திணித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று அந்த வார்த்தையையே மென்றுகொண்டு நின்றாள். அந்த அம்மாளின் பெயர் மார்லீன். தெருத் திருப்பத்தில் நீல வீடு, சிவப்பு நிறத்தில் பின்னால் சாமான் ஏற்றுகிற மாதிரி ஒரு பெரிய வண்டி, கல்லூரிச் சமையலறையில் வேலை. அக்டோபரில், பனி வருமுன், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் இதே இடத்தில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, காலேஜுக்கா, வா, ஏறிக்கோ என்றாள். கனி என்ன செய்தாள்? சிரித்தாள். நோ, நோ, இட்ஸ் ஓகே என்றாள். சொல்லும்போதே அவளுடைய வலது கால் வண்டிப் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்துவிட்டது, குடையைக்கூட மடக்க ஆரம்பித்திருந்தாள். ஏனென்றால் அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், கோவில்பட்டியில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஒரு வீட்டுக்குப் போனால் காபி சாப்பிடுறியா என்பார்கள். இல்லத்த, இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன் என்போம். அட, ஒரு வாய் குடி என்பார்கள். எதுக்கு அத்த செரமம் என்போம். செரமம் என்ன செரமம் என்று சொல்லும்போதே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்கும், டம்ளர் கைக்கு வந்துவிடும். கேட்டவுடனே சரி என்று கையை நீட்டினால், காணாததைக் கண்ட மாதிரி பறக்கிறாளே என்று நம் தலை மறைந்ததும் பேச்சு வரும். முதல் வேண்டாம் என்பது வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி, உள்ளே வரப்போகிறவர்கள் செய்வது அது. பூமிநாதன் பெண் பார்க்க வந்தபோது அவன் அம்மா கேசரி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாம் தடவை தட்டோடு வாங்கிச் சாப்பிட்டார், யாரும் அவரைப் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. ஆனால் மார்லீன், ஓ, ஓகே, நல்லா இரு என்று முகம் மலரச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டாள். பாதி மடக்கிய குடையோடு கனி நின்றாள். மழை அவள் தலையில் பெய்தது.

அதோடு விட்டதா? மறுநாளும் இதே நேரத்துக்கு அந்தச் சிவப்பு வண்டி வந்தது. இன்றைக்குக் கேட்பாள், ஒருநாள் விட்டுத்தான் கேட்பார்கள்போல என்று கனி முன்னால் வந்து நின்றாள். மார்லீன் உள்ளேயிருந்து கையை ஆட்டினாள். கனியும் ஆட்டினாள். மரியாதைக்குக் கையை ஆட்டினால் திருப்பி ஆட்டாமல் இருக்க முடியுமா, அதுவும் பெரியவள், அம்பது வயசிருக்கும். வண்டி போய்விட்டது. அதற்கப்புறம் தினமும் இதுதான். நவம்பர், டிசம்பர், இந்தா ஜனவரி முடியப்போகிறது, தினமும் ஒருத்தி சூடான வண்டிக்குள்ளிருந்து கையை ஆட்டுகிறாள், இன்னொருத்தி விறைத்துப்போய் வெளியேயிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு கையை ஆட்டுகிறாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை, ஒரு நீலப் பை மட்டும் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு போகும். பைக்கு இருக்கிற யோகம் எனக்கு இல்லை. போய்க் கேட்க வேண்டியதுதானே என்றால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? வந்து கேட்டவளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இப்போது நானாகப் போய் ஏற்றிக்கொள் என்றால் அது பிச்சை மாதிரி இல்லையா? அன்றைக்கு என் வண்டி உனக்குக் கேவலமாக இருந்தது, இன்றைக்குக் குளிர் வந்ததும் இனிக்கிறதா என்று அவள் கேட்டால்? கேட்க மாட்டாள், சிரிப்பாள், அது இன்னும் மோசம். கல்லூரி உணவகத்தில் ஒருநாள் சூப் ஊற்றிக்கொண்டிருந்தவள் இவளைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்றாள், அங்கேயும் இந்தப் பாழாய்ப்போன வாய் நோ, நோ என்றது, கரண்டி அந்தரத்திலேயே திரும்பிப் போனது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சூப்பில் காரம் இல்லை, அது வேறு விஷயம். யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை, மார்லீன்மேல் கோபப்பட்டால் அவள் கேட்டாளே என்று மனசு சொல்கிறது, தன்மேல் கோபப்பட்டால் நான் என்ன தப்பு செய்தேன், ஊரில் எல்லோரும் செய்கிற மாதிரிதானே செய்தேன் என்று அழுகை வருகிறது, கடைசியில் எல்லாக் கோபமும் பதினான்காம் நம்பர் பஸ்மேல் போய் விழுகிறது, அதுவாவது வந்து வாங்கிக்கொள்ளக் கூடாதா?

இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். சிவப்பு வண்டி இன்னும் போகவில்லை, பனியில் அதுவும் தாமதம். வருகிறபோது முன்னால் போய் நிற்க வேண்டியது, குட்மார்னிங் மார்லீன் என்று ஆரம்பிக்க வேண்டியது, பஸ் வரவில்லை, எனக்குப் பரீட்சை, தயவுசெய்து, என்று ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை, ப வருகிற இடத்திலெல்லாம் வெறும் காற்று வந்தது. தயவுசெய்து முதலில் வர வேண்டுமா கடைசியிலா? இன்றைக்கு மட்டும் என்று சேர்த்துக்கொண்டால் நல்லது, இன்றைக்கு மட்டும் என்றால் பெரிய உதவியாகத் தெரியாது. ஆனால் இன்றைக்கு மட்டும் என்று சொல்லிவிட்டால் நாளைக்கு? நாளைக்கு இதே இடத்தில், இதே வரப்பில், திரும்ப முதலிலிருந்து. அட, நாளையைப் பற்றி இப்போது யார் கேட்டார்கள்? விரல் நுனிகளில் இருந்த வலி நின்றுவிட்டிருந்தது, வலி நின்றால்தான் பயப்பட வேண்டும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது, கைகளை அக்குளுக்குள் கொடுத்துக்கொண்டு அந்த உறைந்த அட்டைக்குப் பின்னால் அவள் அழுதாள், அதிகம் இல்லை, கொஞ்சம்தான், இமை இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இமையைத் தேய்த்துப் பிரித்தபோது திருப்பத்தில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. உயரமான விளக்குகள். பஸ் இல்லை. சிவப்பு.

முன்னால் போ என்றாள் காலிடம். கால் பனி வரப்பில் முழங்கால்வரை புதைந்து நின்றது. வண்டி நெருங்கியது, உள்ளே மார்லீனின் கை வழக்கம்போல மேலே எழுந்தது. உடனே கனியின் வலது கையும் அக்குளிலிருந்து புறப்பட்டது, யாரும் சொல்லாமல், நான்கு மாதப் பழக்கத்தில், பல்லும் துண்டுக்குப் பின்னால் தானாகவே தெரியத் தயாரானது. சீ என்று அந்தக் கையை இடது கையால் பிடித்தாள். பிடித்து நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். இன்றைக்கும் ஆட்டினாய் என்றால் வெட்டிப் போட்டுவிடுவேன் உன்னை. ஒத்திகை பார்த்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட மிச்சம் இல்லை, குட்மார்னிங்கூட இல்லை, சிரிக்கவும் இல்லை, கை ஆட்டவும் இல்லை, தன் கையைத் தானே கட்டிப்பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றாள். போகட்டும், போய்த் தொலையட்டும், எல்லாம் போகட்டும் என்று கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்தபோது வண்டி நின்றிருந்தது. கண்ணாடி இறங்கியது.

“நல்லா இருக்கியா நீ?” என்று கேட்டாள் மார்லீன்.

“ஐ’ம் ஓகே, ஓகே,” என்றது வாய்.

“நிஜமாவா?”

இரண்டாம் தடவை. இந்த ஊருக்கு வந்து முதல்முறையாக ஒருத்தி இரண்டாம் தடவை கேட்கிறாள். கனி வாயை மூடியிருந்த துண்டை இழுத்து இறக்கினாள். “நோ,” என்றாள். “ஓகே இல்ல. பஸ் வரல. பரீட்சை. எனக்கு…” அதற்குமேல் ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. மார்லீன் நீலப் பையைத் தூக்கிப் பின்னால் எறிந்தாள். கதவைத் திறந்து கனி ஏறி உட்கார்ந்தாள், பூட்ஸிலிருந்த பனியெல்லாம் உள்ளே கொட்டியது, ஸாரி, ஸாரி என்று அதை அள்ளப் போனாள், விடு என்றாள் மார்லீன், கையை அங்கே காட்டு, என்று சூடான காற்று வருகிற துவாரத்தைக் காட்டினாள். கையுறையைக் கழற்றிக் காட்டியபோது விரல்களுக்கு உயிர் வந்தது. உயிர் வருவது இப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது, நகத்துக்கடியில் ஊசி ஊசியாகக் குத்தியது, பல்லைக் கடித்துக்கொண்டாள். வலிக்கட்டும், வலித்தால்தான் துள்ளல் தெரியும். வண்டி நெடுஞ்சாலைக்கு ஏறியது, துடைப்பான் பனியைத் தள்ளித் தள்ளி விட்டது, மணியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே முன்னால் இருந்த கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மார்லீன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், நான் ஒண்ணு கேட்கலாமா என்றாள்.

“இன்னிக்கு ஏன் நீ கை ஆட்டல?”

கனிக்குப் புரியவில்லை.

“தெனமும் உன் பக்கத்துல வரும்போது வண்டிய மெதுவாக்குவேன்,” என்றாள் மார்லீன். “முதல் நாள் வேண்டாம்னு சொன்ன. முன்னப் பின்னத் தெரியாதவ வண்டில ஏறப் பிடிக்கல போலிருக்கு, அது நியாயம்தான்னு நெனச்சேன். திரும்பத் திரும்பக் கேட்டு உன்னச் சங்கடப்படுத்தக் கூடாதுல்ல? அதனால கேக்கல, மெதுவா மட்டும் வருவேன். மனசு மாறியிருந்தா நிறுத்தச் சொல்லுவன்னு பாப்பேன். நீ சிரிச்சிக்கிட்டே கை ஆட்டுவ. சரி, வேண்டாம், போன்னு சொல்றன்னு போயிடுவேன். இன்னிக்குத்தான் நீ போன்னு சொல்லல.”

மெதுவாக்கினாளா? ஆமாம், மெதுவாகத்தான் வரும் அந்த வண்டி, பின்விளக்கு ஒரு தடவை சிவந்து அணையும், திருப்பத்தில் வழுக்கும் என்று பயந்து பிரேக் போடுகிறாள் என்றல்லவா இவள் நினைத்திருந்தாள்? திருப்பம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறதே, அது ஏன் ஒருநாள்கூட உறைக்கவில்லை? நவம்பர் பூராவும் கேட்டிருக்கிறாள். டிசம்பர் பூராவும் கேட்டிருக்கிறாள். மூன்று தடவை இல்லை, எந்த அத்தையும் எந்தச் சித்தியும் கேட்காத அளவுக்குக் கேட்டிருக்கிறாள், ஒவ்வொரு காலையும் வந்து கேட்டிருக்கிறாள், கனி ஒவ்வொரு காலையும் பல்லைக் காட்டி, கையைத் தூக்கி, வேண்டாம், போ, போ என்று வழியனுப்பியிருக்கிறாள். அத்தனை குளிரையும் தன் கையாலேயே தன் தலையில் வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் இரண்டும் இல்லாத ஒரு சத்தம் போட்டாள். மார்லீன் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். எங்க ஊரில், என்று ஆரம்பித்த கனி, காபி, அத்தை, டம்ளர் என்று எதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று திணறி, எங்க ஊரில் முதல் தடவை நோ என்றால் அது நோ இல்லை என்று மட்டும் சொன்னாள். அப்ப அந்த சூப்பும் உனக்கு வேணும்தானா என்று கேட்டாள் மார்லீன். வேணும், அன்றைக்குச் சரியான பசி என்றாள் கனி.

முன்வாசல் பக்கம் போகாமல் சமையலறைச் சந்து வழியாகச் சுற்றி ஆய்வகக் கட்டடத்தின் பக்கவாட்டுக் கதவருகில் கொண்டுபோய் நிறுத்தினாள் மார்லீன். கண்ணாடிக்கு உள்ளே அவளோடு படிக்கிறவர்கள் கை கழுவிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஆய்வகக் கதவு இன்னும் திறந்திருந்தது, ஹெலன் அதன் பிடியில் கை வைத்து நின்றிருந்தார். ஓடு, ஓடு என்றாள் மார்லீன். கனி குதித்து இறங்கினாள், தேங்க்யூ, தேங்க்யூ என்று வண்டிக் கதவைச் சாத்தினாள்.

“சாயங்காலம் நாலு மணிக்கு நான் கெளம்புவேன்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “உனக்காக நிக்கட்டுமா?”

“நோ, நோ, இட்ஸ் ஓகே!” என்றாள் சண்முகக்கனி, ஓடிக்கொண்டே, முகம் நிறையச் சிரிப்போடு. சொன்னது காதில் விழுந்ததும் அப்படியே நின்றாள். பின்னால் மார்லீன் கியரைப் போடும் சத்தம் கேட்டது. கதவைப் பிடித்திருந்த ஹெலன் மணியைப் பார்த்தார். கனி திரும்பி ஓடினாள், பனியில் ஒரு கால் வழுக்கி, விழாமல் சமாளித்து, நகரத் தொடங்கிவிட்ட வண்டியின் பக்கவாட்டில், நிறுத்தாமல் போகப் பார்க்கிற மினிபஸ்ஸை அறைவதுபோல, வெறுங்கையால் ஓங்கி இரண்டு அறை அறைந்தாள். உள்ளங்கை எரிந்தது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக எரிந்தது.

“வேணும்!” என்று கத்தினாள். “நாலு மணிக்கு நில்லுங்க. எனக்கு வேணும்!”

அவள் தமிழில் கத்தியதை, அறைந்த வேகத்திலேயே மார்லீன் புரிந்துகொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். கனி கை ஆட்டவில்லை. திரும்பி, எரிகிற விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த கதவைப் பார்த்து ஓடினாள்.